முறைப்படியார் வளர்த்த காடு

முறைப்படியார் என்றோர் இனம் உண்டு. இந்த இனத்தைப் பார்க்க நீங்கள் மலையேற வேண்டியதில்லை, தூரக்கண்ணாடி வாங்க வேண்டியதில்லை. தெருவுக்கு ஒருவர் நிச்சயம், சில தெருக்களில் வீட்டுக்கு ஒருவர். நீச்சல் பழகணும் என்று ஆசை வந்தால் நாமெல்லாம் என்ன செய்வோம்? கிணற்றில் குதிப்போம், தண்ணி குடிப்போம், யாராவது தலைமுடியைப் பிடித்துத் தூக்குவார்கள், இருமிவிட்டு மறுபடி குதிப்போம். முறைப்படியார் அப்படியா? அவர் முதலில் நீச்சலைப் பற்றி ஒரு புத்தகம் வாங்குவார், அந்தப் புத்தகத்துக்கு அட்டை போடுவார், அட்டை போட்ட புத்தகத்தை வைக்க ஒரு ஷெல்ப் அடிப்பார், ஷெல்பில் கரையான் ஏறாமலிருக்க வேப்பெண்ணெய் தடவுவார், துவட்டத் துண்டு வாங்குவார், துண்டு காயக் கொடி கட்டுவார், கொடி தொய்யாமலிருக்க முட்டுக் கொடுப்பார். அதற்குள் கிணறு வற்றிவிடும். அவருக்கு வருத்தமா? கிடையவே கிடையாது. ஏற்பாடு பிரமாதமாக முடிந்ததல்லவா!

ஆளைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு வாக்கியம் போதும். "எதுக்கும் ஒரு முறை இருக்குல்ல?" இதைச் சொல்லும்போது குரல் தாழும், புருவம் ஏறும், நாம் செய்துகொண்டிருக்கிற வேலை எதுவானாலும் அது தப்பாகிவிடும். பல் விளக்கிக்கொண்டிருந்தாலும் சரி.

மாதிரிக்கு திண்டுக்கல் மேட்டுப்பட்டி ஆரோக்கியதாஸை எடுத்துக்கொள்வோம். கண்ணாடி வெட்டி, படங்களுக்கு பிரேம் போடுகிற கடை வைத்திருந்தார். கல்யாணப் போட்டோவைக் கொடுத்தால், பிறந்த பிள்ளைக்கு மொட்டை போடுகிற அன்றைக்குத் திருப்பித் தருவார். ஆனால் அந்த பிரேம் சுவரைவிட நேராக இருக்கும். மாட்டிய பிறகு சுவர்தான் கோணலாகத் தெரியும். திட்டவும் முடியாது, பாராட்டவும் மனசு வராது.

ஊரெல்லாம் பிரவுசிங் சென்டர் முளைத்திருந்த காலம் அது. தட்டி மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ஆளாளுக்கு என்னென்னவோ பார்த்துக்கொண்டிருக்க, ஆரோக்கியதாஸ் ஒரு பச்சோந்தியைப் பார்த்தார். ஆப்பிரிக்காவில் இருக்கிற குட்டைப் பச்சோந்தி. விரல் நீளம்தான். உடம்பு காய்ந்த இலை மாதிரி. மரத்தில் ஏறி அலையாது. தரையில் விழுந்து கிடக்கிற சருகுக்குள் மெல்ல நடக்கும், பொழுது சாய்ந்தால் தாழ்ந்த குச்சியைப் பிடித்துக்கொண்டு தூங்கும். அதை மூடின கண்ணாடித் தொட்டிக்குள், நிஜச் செடி நட்டு, ஈரம் குறையாமல், ஒரு சின்னக் காடே உண்டாக்கி வளர்க்கிறார்கள் வெள்ளைக்காரர்கள். பார்த்த மாத்திரத்தில் ஆரோக்கியதாஸுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பச்சோந்தி அழகாக இருந்தது என்பதாலா? அதுவும்தான். ஆனால் அதை வளர்ப்பதற்கு அத்தனை விதிமுறை இருந்ததே, அதுதான் நெஞ்சைத் தொட்டது. பக்கம் பக்கமாக பிரிண்ட் எடுத்தார். டிக்ஷனரி வைத்துப் படித்தார். படித்ததை லேமினேஷன் போட்டார்.

"சரிங்க, அந்தப் பல்லி எப்ப வரும்?" என்று கேட்டாள் மனைவி சகாயசெல்வி.

"பல்லி இல்ல. பச்சோந்தி."

"அது எப்ப வரும்?"

"மொதல்ல எடம் ரெடியாகட்டும். எதுக்கும் ஒரு முறை இருக்குல்ல?"

ஆப்பிரிக்காவிலிருந்து அது மேட்டுப்பட்டிக்கு எப்படி வரும், யார் கொண்டுவருவார், டிக்கெட் யார் எடுப்பார் என்பதையெல்லாம் அவர் யோசிக்கவில்லை. அது பச்சோந்தி பாடு. தொட்டி அவர் பாடு.

தொட்டி எழும்பியது. கடையிலேயே கனமான கண்ணாடியாகப் பொறுக்கி வெட்டி, ஓரம் தேய்த்து, பசை வைத்து ஒட்டி, மேலே இறுக்கமான கண்ணாடி மூடி போட்டு, ஹாலில் டிவி இருந்த மேஜையில் வைத்தார். டிவி தரைக்கு இறங்கியது. அடியில் தண்ணி வடியச் சரளைக்கல். அதை அரிசி களைகிற மாதிரி களைந்து களைந்து போட்டார். அதன் மேல் இஸ்திரிக் கடையிலிருந்து வாங்கி வந்த கரி. மண்ணும் கரியும் கலக்காமலிருக்க நடுவில் ஒரு வலை வேண்டும் என்றது தாள். வீட்டில் இருந்த நல்ல கொசுவலையில் ஒரு மூலை போனது. பிறகு தேங்காய் நார்த்தூளும் செம்மண்ணும். செடிக்குச் சிறுமலை பஸ் ஏறினார். தெரிந்தவர் தோட்டத்து ஓடைக்கரையில் பாசியும் பெரணிச் செடியும் பெயர்த்துக்கொண்டு, மடியில் குழந்தை மாதிரி வைத்து, மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அதன் தலையைத் தாங்கிப் பிடித்தபடி இறங்கி வந்தார். பக்கத்து சீட்டில் ஒரு நிஜக் குழந்தை வாந்தி எடுத்தது. அதை யாரும் அப்படிப் பிடிக்கவில்லை.

ஒரு மூட்டைச் சருகும் கொண்டுவந்திருந்தார். சருகில் பூச்சிமுட்டை இருக்கும், அடுப்புப் பெட்டிக்குள் வைத்துச் சூடுகாட்டிக் கொல்லுங்கள் என்று வெள்ளைக்காரன் எழுதியிருந்தான். மேட்டுப்பட்டியில் அந்தப் பெட்டிக்கு எங்கே போவது? இட்லிச் சட்டி இருந்தது. தட்டில் துணி விரித்து, குழி குழியாகச் சருகை அடுக்கி, ஆவி வரும்வரை அவித்து இறக்கினார். வெந்துவிட்டதா என்று விரலை நனைத்துக் குத்திப் பார்த்ததாகவும் கேள்வி. அதற்குப் பிறகு அந்த வீட்டு இட்லியில் சிறுமலை மணத்தது. இதில் வேடிக்கை, பூச்சியையெல்லாம் கொன்று முடித்த கையோடு அடுத்த தாளைப் புரட்டினால், கழிவைத் தின்று சுத்தமாக்கச் சின்னச் சின்ன வெள்ளைப் பூச்சிகள் மண்ணில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. மனிதர் தளர்ந்தாரா? பூந்தொட்டி பூந்தொட்டியாகத் தூக்கி, அடியிலிருந்து பூச்சி பொறுக்கினார்.

பிறகு மழை. காலையும் மாலையும் தொட்டிக்குள் மழை பெய்ய வேண்டும். திண்டுக்கல்லில் குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்துகொண்டிருந்த வருஷம். தண்ணி லாரியின் ஹாரன் கேட்டால் சாமி ஊர்வலம் வந்தது போல் தெருவே குடத்தோடு ஓடும். அந்த வருஷத்தில், இஸ்திரிக்குத் தண்ணி தெளிக்கிற குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, வடிகட்டி ஆறவைத்த தண்ணியை, யாருமே குடியிருக்காத ஒரு காட்டுக்கு அவர் புஸ்ஸு புஸ்ஸென்று பெய்வித்தார். ஊரிலேயே மழை தவறாத இடம் அது ஒன்றுதான். எதிர்வீட்டுச் சிவனம்மாள் காலிக் குடத்தை இடுப்பில் வைத்தபடி வாசலில் நின்று பார்த்தாள்.

"தம்பி, அந்தப் பொட்டிக்குள்ள எனக்கும் ஒரு எடம் கெடைக்குமா?"

காடு என்னவோ நிஜமாகவே தளிர்த்துவிட்டது. பாசி பட்டு மாதிரி படர்ந்தது. பெரணி சுருள் பிரித்தது. ஊர் பார்க்க வந்தது. வந்தவர்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு தேடினார்கள்.

"அந்தா! அந்த எலைக்கு அடியில கண்ணு மின்னுது பாரு," என்றாள் சிவனம்மாள்.

"இன்னும் வரலம்மா. வெறும் காடுதான்."

"சும்மா சொல்லாதீக. கண்ணுபட்டுரும்னு மறைக்கிறீக."

இப்படியே வெறும் காட்டுக்குக் காவலிருந்தவரிடம்தான் ஒருநாள் மலைச்சாமி வந்தான். அகரத்தில் சம்பங்கித் தோட்டம் வைத்திருக்கிறவன், ஆரோக்கியதாஸோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போய் ஒன்றாகப் பாதியில் நின்றவன். விடியக்காலம் பூ மார்க்கெட்டில் மூட்டையை இறக்கிவிட்டு, ஒரு சின்னச் சாக்கை மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டான்.

"ஏலே தாசு, இந்தா பிடி. வெறும் பொட்டிய வெறிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கியே, எனக்கு மனசே கேக்கல."

"என்னப்பு அது?"

"நீ கேட்டுக்கிட்டிருந்த சாமான்தான். வேலியில கெடந்துச்சு. களை வெட்ட வந்தவுக கம்பெடுத்துட்டாக, நான் துண்டைப் போட்டுப் பிடிச்சேன். பாரஸ்ட்காரன் பாத்தா என்னையத்தான் கேப்பான், வெரசா உள்ள விடு."

சாக்கை அவிழ்த்தால், நம்மூர்ப் பச்சோந்தி. ஒரு சாண் உடம்பு, இன்னொரு சாண் வால். பச்சையில் கோடு கோடாக மஞ்சள். ஒரு கண் மலைச்சாமியைப் பார்த்தது, மற்றொரு கண் ஆரோக்கியதாஸைப் பார்த்தது. இருவரையும் பிடிக்கவில்லை என்று தெளிவாகத் தெரிந்தது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். நாமாக இருந்தால் பச்சோந்தியைப் பார்த்துவிட்டுத் தாளைத் தூக்கி எறிவோம். முறைப்படியார் தாளைப் பார்த்துவிட்டுப் பச்சோந்தியைப் பார்ப்பார்.

"குட்டை வகைதான்," என்றார்.

"குட்டையா? மொழம் நீளம் இருக்கேப்பா!"

"தீனி நல்லாருந்தா கொஞ்சம் வளரும். ஒந்தோட்டத்துல ஒரம் போடுறேல்ல?"

உள்ளே விட்டு மூடியை இறுக்கினார். அது சருகின் மேல் ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் ஏற ஆரம்பித்தது. பெரணியில் ஏறியது, பெரணி வளைந்தது. குச்சியில் ஏறி, குச்சி முடிந்த இடத்தில் வாலை ஊன்றி எழும்பி, மூடியில் தலையை முட்டி, வழுக்கி, பொத்தென்று பாசியில் விழுந்தது. மறுபடி ஏறியது.

"தரையிலதானப்பா இருக்கணும்?" என்றார் ஆரோக்கியதாஸ், தாளிடம். தாள் ஆமோதித்தது. ஆகவே கையை உள்ளே விட்டு அதைப் பக்குவமாகப் பிடித்துக் கீழே இறக்கிவைத்தார். அது ஏறியது. இறக்கினார். ஏறியது. ஒரு வாரம் இதே பிழைப்பு. சருகில் நடக்கணும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது, படிக்காத பச்சோந்தி. சாப்பாட்டுக்கு, தாளில் சொன்னபடியே, அழுகின வாழைப்பழத்தைப் பாட்டிலில் அடைத்துப் பொடி ஈக்கள் வளர்த்திருந்தார். அதைத் திறந்துவிட்டபோது பச்சோந்தி பார்த்த பார்வை, பந்தியில் பசியோடு உட்கார்ந்தவன் இலையில் ஒரு கடுகை மட்டும் வைத்துவிட்டுப் போனால் எப்படிப் பார்ப்பானோ அப்படி இருந்தது.

"மேல போகணும்னு பாக்குதுங்க. மூடியக் கொஞ்சம் தெறந்து வையுங்களேன்," என்றாள் சகாயசெல்வி.

"ஈரம் போயிரும்."

"போனாப் போகுது. இல்லாட்டி ஒரு வாய் தயிர்ச்சோறாவது வைங்க, வயிறு குளுரட்டும்."

சிவனம்மாள் முட்டையும் பாலும் வைக்கச் சொன்னாள். ஆளுக்கொரு வைத்தியம். அத்தனை பேரையும் கையமர்த்திவிட்டு அவர் தாளை ஒட்டியே நடந்தார்.

அவரைக் கல்நெஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். பொழுது விடிந்ததும் பல் விளக்காமல் அவர் போய் நிற்கிற இடம் அந்தத் தொட்டிதான். யாரும் பக்கத்தில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கண்ணாடியில் வாயை வைத்து, "கீழ எறங்குய்யா, ஒனக்காகத்தானே இம்புட்டும்," என்று கெஞ்சுவார். இறக்கிவைக்கப் பிடிக்கும்போது அது இடுக்கி மாதிரிக் காலால் அவர் விரலைக் கவ்விக்கொள்ளும், விடவே விடாது. ஆரோக்கியதாஸுக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். பாசத்தில் பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பாவம், அது வெளியே போகிற ஒரே வாகனத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை அது ஏறுவதை நிறுத்திவிட்டது. சருகின் மேல், தாளில் படம் போட்டிருந்த அதே இடத்தில், அதே மாதிரி படுத்துக்கொண்டது. நிறமும் சருகு நிறமாகிவிட்டது.

"பாத்தியா, படிஞ்சிருச்சு!" என்று ஆரோக்கியதாஸ் வீட்டுக்குள் கத்திய கத்தலில் டிவி பார்த்துக்கொண்டிருந்த மச்சினன் எழுந்தே நின்றுவிட்டான். வெற்றிக்கும் ஒரு முறை இருக்கிறதல்லவா? மறுநாள் ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்று தெருவில் சொல்லிவிட்டார். சகாயசெல்வி காபிக்குக் கூடுதலாகப் பால் வாங்கினாள்.

வந்தார்கள். பட்டுச்சேலை, தேய்த்த சட்டை, தலை நிறைய பூ. ஹால் கொள்ளவில்லை. முன்வரிசையில் சிவனம்மாள். ஆரோக்கியதாஸ் ஸ்கேலைக் கையில் எடுத்துக்கொண்டு, வாத்தியார் இல்லாத வகுப்பில் லீடர் நிற்கிற மாதிரி தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். சரளையிலிருந்து ஆரம்பித்தார். கரி, கொசுவலை, அவித்த சருகு என்று அடுக்கடுக்காக ஏறி, ஒருவழியாகப் பச்சோந்திக்கு வந்தார்.

"ரெண்டு கண்ணும் தனித்தனியாச் சுத்தும். ஒண்ணு முன்னாடி பாத்தா ஒண்ணு பின்னாடி பாக்கும். பகல்ல கண்ண மூடவே மூடாது. அப்படி மூடுச்சுன்னா..."

ஸ்கேலால் காட்டப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

பச்சோந்தியின் கண் மூடியிருந்தது. மற்றப் பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். அதுவும் மூடியிருந்தது. இரண்டு கண்ணும் உள்ளுக்கு வாங்கிப் போயிருந்தன.

"மூடுச்சுன்னா என்ன தம்பி?" என்றாள் சிவனம்மாள்.

தாள் அவருக்கு மனப்பாடம். அந்த வரியும்தான். பகலில் கண்ணை மூடினால் சாகக் கிடக்கிறது என்று அர்த்தம்.

நினைத்துப் பாருங்கள். 'தூங்குது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். காபியைக் குடித்துவிட்டு, 'மனுசன்னா தாசு மாதிரி இருக்கணும்' என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் கலைந்திருப்பார்கள். மேட்டுப்பட்டி முழுக்க ஒரு வருஷத்துக்கு அவர் பேர் நின்றிருக்கும். அவர் ஸ்கேலைக் கீழே வைத்தார்.

"முடியாமக் கெடக்கு," என்றார். "நான்தான் தப்பா வச்சுட்டேன்."

அவர் மூடியைத் தூக்கிச் சுவரோரம் எறிந்தார்; சில்லு சில்லாக உடைந்தது. குப்பென்று ஒரு புழுக்க வாடை வெளியே வந்தது, நாள்கணக்கில் ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்திருந்த மாதிரி. முன்வரிசை மூக்கைப் பொத்தியது. அவர் கையை விட்டார். இந்தத் தடவை அது விரலைக் கவ்வவில்லை.

"செல்வி, ஏதாச்சும் ஒரு கொப்பு ஒடி!"

ஆரோக்கியதாஸ் டிவிஎஸ் 50 எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? டயரை அமுக்குவார், டேங்க்கை ஆட்டிக் காதை வைத்துக் கேட்பார், சீட்டைத் துடைப்பார், துடைத்த துணியை உதறுவார், உதறிய துணியை நாலாக மடிப்பார். அன்றைக்கு அதெல்லாம் ஒன்றும் இல்லை. ஒரு காலில் தன் செருப்பு, ஒரு காலில் மச்சினன் செருப்பு. பின்னால் பட்டுச்சேலையில் சகாயசெல்வி, கையில் ஒரு முருங்கைக் கொப்பு, கொப்பில் அசையாமல் ஒட்டிக்கிடக்கிற பச்சோந்தி, அதற்கு வெயில் படுகிற மாதிரியும் புழுதி படாத மாதிரியும் முந்தானை. தாடிக்கொம்பு ரோட்டு டீக்கடையில் நின்ற ஒருவர், கொப்பைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, குருத்தோலை ஞாயிறு போயி மாசக்கணக்காச்சே!" என்று கத்தினார். வேறொரு நாளாக இருந்தால் இறங்கிப் பதில் சொல்லிவிட்டுத்தான் ஆரோக்கியதாஸ் போயிருப்பார்.

"கண்ணத் தெறந்துச்சா?"

"இல்லைங்க."

"இப்ப?"

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க. சொல்றேன்."

அகரம் தோட்டத்தில் மலைச்சாமி மோட்டார் போட்டிருந்தான். கொப்பைக் கிளுவை வேலியில் சாய்த்து வைத்துவிட்டு, வாய்க்காலில் கையை நனைத்து அதன் மேல் சொட்டுச் சொட்டாக உதறினான். மூன்று பேரும் வெயிலில் நின்றார்கள். கொஞ்ச நேரம் அது அசையவில்லை. சகாயசெல்வி வாய்க்குள் ஜெபம் சொன்னாள். பச்சோந்திக்காக எந்தப் புனிதரிடம் வேண்டுவது என்று தெரியாமல் எல்லோரையும் கூப்பிட்டிருப்பாள். மலைச்சாமி விடாமல் உதறிக்கொண்டே இருந்தான்.

முதலில் வாய்தான் திறந்தது. ஒரு சொட்டு உள்ளே போனது. இன்னொன்று. அப்புறம் ஒரு கண்.

அது எழுந்து, முன்னும் பின்னும் ஆடி ஆடி, குடித்தவன் வீடு திரும்புகிற மாதிரி ஒரு காலைத் தூக்கி வைத்தது. கிளுவைக்கு மாறியது. ஏறியது. இந்தத் தடவை யாரும் இறக்கவில்லை. வெயில் ஏற ஏறச் சருகு நிறம் போய்க் கழுத்தோரம் பச்சை எட்டிப் பார்த்தது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைக் காணோம்.

"எங்கிட்டுலே போச்சு?" என்றான் மலைச்சாமி.

"தெரியல."

"ஒனக்கா தெரியல?"

"தெரியலப்பா. இங்கனதான் எங்கயோ இருக்கு," என்றார் ஆரோக்கியதாஸ். கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்தபடியே நின்றார். சிரித்துக்கொண்டுதான் நின்றார், ஆனால் அடிக்கடி முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்று வைத்துக்கொள்வோம்.

அதோடு மனிதர் திருந்திவிட்டார் என்று நினைத்தால் உங்களுக்கு இந்த இனத்தைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை என்று அர்த்தம். வண்டியை எடுக்கும்போதே மலைச்சாமியிடம், "ஏம்ப்பா, ஒன் வேலி ஒரு பக்கம் நெருக்கமாவும் ஒரு பக்கம் சந்து சந்தாவும் கெடக்கு. ஒரு வேலின்னா அதை ஊண்டுறதுக்கு..." என்று ஆரம்பித்துவிட்டார். சகாயசெல்வி பின்னாலிருந்து ஒரு கிள்ளு கிள்ளியதில்தான் வண்டி நகர்ந்தது. ஹாலில் தொட்டி இன்னும் இருக்கிறது, மூடி கிடையாது. புது மூடி வெட்டக் கடை நிறையக் கண்ணாடி இருந்தும் அவர் வெட்டவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவுமில்லை.

போகட்டும், அவர் கதை முடிந்தது. இப்போது உங்களிடம் வருவோம். இவ்வளவு நேரம் ஆரோக்கியதாஸைப் பார்த்துச் சிரித்தீர்கள், சந்தோஷம். ஆனால் நடுவில் எங்கேயோ ஓர் இடத்தில், பச்சோந்தி மூடியில் முட்டி முட்டி விழுந்துகொண்டிருந்தபோது, 'கண்ணாடிக்குப் பதிலாக மேலே கம்பிவலை போட்டிருக்கலாமே, தொட்டியை அகலத்தில் கட்டாமல் உயரத்தில் கட்டியிருக்கலாமே, ஒரு பக்கம் காற்றுக்கு ஓட்டை விட்டிருந்தால் ஈரமும் நின்றிருக்குமே' என்று உங்கள் மனசுக்குள் சத்தமில்லாமல் ஒரு தொட்டி எழும்பியதா, இல்லையா? பொய் சொல்லாதீர்கள். அந்தப் பச்சோந்தியைத் திறந்துவிட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியது அதற்கு முன்பா, பின்பா?